அப்பாவின் ஒலிநாடாக்களுடன் தனுஷ்கோடி வரை

முந்தைய இரவு: சென்னை

நாளை அதிகாலை நான்கரை மணிக்குப் பெரம்பூரிலிருந்து புல்லட்டில் புறப்பட்டு, நான்காம் நாள் தனுஷ்கோடியில் நிற்க வேண்டும் என்பது திட்டம். மாற்றுடைகளும் மழையாடையும் உதிரி கிளட்ச் கேபிளும் அரை மணி நேரத்தில் பைக்குள் அடங்கிவிட்டன. கொண்டுபோகும் பாட்டுகளைத் தயார் செய்யத்தான் ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. அப்பா 1979 முதல் 1996 வரை வானொலியிலிருந்து பதிவு செய்தும் கடைகளில் வாங்கியும் சேர்த்த 312 ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எண்ணிமக் கோப்புகளாக மாற்றி முடித்திருக்கிறேன். ரயில்வேயில் பணியாற்றிய அவர், சனிக்கிழமை இரவுகளில் அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே நாடாவைப் பொருத்திவிட்டு, எவரும் பேசக் கூடாது என்று கையமர்த்தி உட்கார்ந்திருப்பார். 1952இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சி எங்கள் வீட்டில் வாரந்தோறும் வரும் பண்டிகையாகவே இருந்தது. இப்போது அவருக்கு எண்பத்தொரு வயது; பின்னிருக்கையில் அமர்ந்து வர இயலாது. ஆகையால் அவர் சேர்த்ததை நான் சாலையில் கேட்டு, ஒவ்வோர் இரவும் எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அதையே இங்கும் பதிகிறேன்.

மொத்தம் சுமார் 340 மணி நேர இசை. ஒலித்தரம் சற்றும் குறையாத மூலப் பிரதிகள் வீட்டில் இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன. சாலைக்கென்று நொடிக்கு 192 கிலோபிட் அளவிலான எம்பி3 பிரதிகளைத் தனியே எடுத்தேன். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 86 மெகாபைட் ஆகும். முழுத் தொகுப்பும் ஏறத்தாழ 29 ஜிகாபைட்டில் அடங்கி, 32 ஜிபி மெமரி கார்டில் இடித்துப் பிடித்து நுழைந்துவிட்டது. ஒலிநாடாவில் ஏற்கெனவே இரைச்சல் உண்டு, ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலும் சேரப்போகிறது. இதற்குமேல் தரத்தைக் கூட்டினால் இடம்தான் வீணாகும் என்பது என் முடிவு.

கைபேசியைக் கைப்பிடியில் பொருத்தவில்லை. என் வண்டி 346 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டி. எழுபதைத் தாண்டினால் கண்ணாடியில் உருவம் கலங்கும் அளவுக்கு அதிரும். பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு, கைபேசிக் கேமராவின் நிலைப்படுத்தும் அமைப்பைக் காலப்போக்கில் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் அறிவித்திருந்தது. அதனால் பாட்டுக்கென்று ஒரு சிறிய பழைய பிளேயரைத் தனியாக எடுத்துக்கொண்டேன். அதில் சுழலும் தட்டு இல்லை. பஞ்சு சுற்றி டேங்க் பையில் வைத்துவிட்டால், புளூடூத் வழியே ஹெல்மெட்டின் இரண்டு ஸ்பீக்கர்களுக்குப் பாட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

முதல் நாள்: சென்னை – சிதம்பரம், சுமார் 225 கி.மீ.

கோவளம் தாண்டும்வரை பிளேயரை இயக்கவில்லை. ஊருக்குள் ஓட்டும்போது இசை வேண்டாம் என்பது நான் எனக்கே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. பின்னால் வரும் பேருந்தின் ஹாரனையும், சந்திலிருந்து திரும்பும் சைக்கிளின் மணியையும் காது தவறவிடக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போக்குவரத்து குறைந்து, இடப்புறம் சவுக்குத் தோப்புகள் தொடங்கிய பிறகே, ஹெல்மெட்டின் பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினேன்.

எட்டே நிமிடத்தில் முதல் பாடம் கிடைத்தது. கச்சேரி ஒன்றில் ராக ஆலாபனை மிக மெல்லியதாகத் தொடங்க, காற்றில் அது காதில் விழாததால் ஒலியைக் கூட்டினேன். அரை மணி கழித்து, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தபோது மிருதங்கத்தின் ஒவ்வோர் அடியும் காதுக்குள் சுத்தியலாக இறங்கியது. வீட்டில் அமர்ந்து கேட்கும்போது இந்த ஏற்ற இறக்கமே கச்சேரியின் உயிர். வண்டியில் அதுவே ஆபத்தாகிறது. அனிச்சையாக இடக்கை டேங்க் பையை நோக்கிப் போனது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, கையைத் திரும்பக் கொண்டுவந்து, சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கையில் தொலைத்தொடர்புக் கருவியைப் பிடித்தபடி ஓட்டுவதை, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. என் கருவி கைபேசி அன்று என்றாலும், எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கையை எடுத்துவிட்டுப் பைக்குள் துழாவுவதன் விளைவில் எந்த வேறுபாடும் இல்லை.

மரக்காணத்து உப்பளங்களுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் அமர்ந்து இதற்குத் தீர்வு தேடினேன். பைக்குள்ளிருந்து இயர்ப்ளக் இரண்டை எடுத்துக் காதில் திருகி வைத்துக்கொண்டு, அதன்மேல் ஹெல்மெட் அணிந்து, ஸ்பீக்கரின் ஒலியை நடுத்தரமாக வைத்தேன். காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் ஓசை மட்டுமே 95 டெசிபலை எட்டுகிறது என்று அளந்திருக்கிறார்கள். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 94 டெசிபலை ஒரு மணி நேரம்தான் தாங்கும் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. காற்றை வெல்ல ஸ்பீக்கரை உரக்க வைப்பவர், அந்தக் காற்றின்மேல் இன்னொரு சுமையையும் காதில் ஏற்றுகிறார். இயர்ப்ளக் காற்றின் ஓசை, பாட்டு இரண்டையும் சேர்த்தே தணிக்கிறது. தணிந்த அளவில் காற்றைவிடப் பாட்டே தெளிவாகக் கேட்கிறது. உயர்ந்த சுரங்கள் மட்டும் சற்று மங்கியதால், பிளேயரில் மேல் அலைவரிசையை இரண்டு படி ஏற்றிக்கொண்டேன்.

புதுச்சேரியில் மதிய உணவின்போது வேறொரு குறையைக் கவனித்தேன். ஒரே கச்சேரியின் உருப்படிகள் 1, 10, 11, 2 என்ற வரிசையில் ஓடின. அந்தக் கச்சேரிக்கு மட்டும் 01, 02 என்று எண்ணிட மறந்திருக்கிறேன். கச்சேரியை முடிக்கும் மங்களத்துக்குப் பிறகு, அதைத் தொடங்கிவைக்கும் வர்ணம் வருவதைக் கேட்பது, பாயசம் குடித்தபின் சாம்பார் சாதம் பிசைவது போன்றது. நண்பர் ஒருவர் தொண்ணூறுகளின் இறுதியில் உருவாக்கிக் கொடுத்த கோப்புகள் சிலவும் தொகுப்பில் உள்ளன. அவற்றின் பெயர்கள் திரையில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன. யூனிகோடு பரவுவதற்கு முன்னர், திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் தமிழை எழுதிய காலத்தின் எச்சம் அது. எழுத்து மாறினால் பாட்டு அழிவதில்லை என்றாலும், பாடியவர் யார் என்பது அழிந்துவிடுகிறது. அப்பா ஒவ்வொரு நாடாவின் அட்டையிலும் நீல மையால் ராகம், தாளம், நாள், பக்கவாத்தியம் என்று எழுதி வைத்ததன் அருமை அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

மாலை மூன்றரைக்குச் சிதம்பரம் வந்து சேர்ந்தேன். முதுகுவலி உண்டு, காதில் இரைச்சல் இல்லை.

இரண்டாம் நாள்: சிதம்பரம் – திருவையாறு – தஞ்சாவூர், சுமார் 130 கி.மீ.

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த நாள் இதுதான். கொள்ளிடம் பாலத்தைக் கடந்ததும் சாலையின் இருபுறமும் சம்பா அறுவடை முடிந்த வயல்கள் தொடங்கின. அறுத்த நெல்தாள்களுக்கு இடையே உளுந்து முளைவிட்டிருந்தது. சில இடங்களில் சாலையின் பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். அங்கெல்லாம் நாற்பதுக்குக் குறைவான வேகத்தில்தான் போக முடிந்தது. அந்த வேகத்தில் இசை மிக நன்றாகக் கேட்டது.

காலையில் முதலில் வீணையைப் போட்டேன். அப்பா தம் நாடாக்களிலேயே மிக உயர்வாக மதிக்கும் பதிவு அது. வைத்தீசுவரன்கோயில் தாண்டி வேகம் அறுபதை எட்டியபோது, வீணை மெல்ல மெல்லக் கரைந்தது. மீட்டு மட்டும் கேட்டது. மீட்டிய பின் தந்தியில் நீளும் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, கேட்கவில்லை. வீணையின் இசை மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் இடையில்தான் வாழ்கிறது. அந்த இடைவெளியைத்தான் காற்று முதலில் விழுங்கியது. அடுத்து ஒரு வாய்ப்பாட்டு. சாகித்தியம் புரிந்தது, தம்பூரா முற்றிலும் மறைந்தது, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை மட்டும் கேட்டு, தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கமான தொப்பி காணாமல் போனது. ஹெல்மெட்டுக்குள் சுழலும் காற்றின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. தாழ்ந்த ஒலிகளையே அது மூடி மறைக்கிறது.

மயிலாடுதுறையைத் தாண்டியதும் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆஸ்தான வித்துவானாக விளங்கிய டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தைப் போட்டேன். அவர் ஊர் எல்லைக்குள் நுழையும்போது அவரைக் கேட்க வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். வண்டி அறுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தது. தோடி ராக ஆலாபனை தொடங்கியது. பழைய இசைத்தட்டிலிருந்து வானொலிக்கும், வானொலியிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து இந்தக் கார்டுக்கும் வந்து சேர்ந்த, கீறலும் இரைச்சலும் நிறைந்த பதிவு அது. ஆனால் வேகமாக உருளும் சுரக்கோவைகளான பிருகாக்களில் ஒன்று கூடத் தவறவில்லை. நீண்டு நிற்கும் ஒவ்வொரு காந்தார சுரமும், காற்றைப் பிளந்துகொண்டு, அசைவின் முழு வடிவத்துடன் என் காதை அடைந்தது. நல்ல ஸ்பீக்கரில், அமைதியான அறையில் கேட்ட வீணை தோற்ற இடத்தில், எத்தனையோ கைமாறி நைந்துபோன இந்தப் பதிவு எப்படி நின்றது என்பதை எண்ணியபடியே நரசிங்கம்பேட்டையில் வண்டியை நிறுத்தினேன்.

நாகசுரம் செய்வதற்கே பெயர் பெற்ற சிற்றூர் அது. 2022இல் அவ்வூர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் ஆச்சா மரத்துண்டைக் கடைந்துகொண்டிருந்தார். புது மரம் ஆகாது, பழைய வீடுகளிலிருந்து பிரித்த, பல்லாண்டு உலர்ந்த உத்தரமும் தூணுமே வேண்டும் என்றார். உலவு, அணசு, கெண்டை, சீவாளி என்று ஒவ்வொரு பாகமாக எடுத்துக் காட்டினார். ராஜரத்தினம் பிள்ளைக்கு முன்னர் வழக்கில் இருந்த திமிரி நாயனம் குட்டையானது, சுருதி கூடியது. அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பாரி நாயனம் நீளமானது, சுருதி தாழ்ந்தது என்பதைப் படித்து அறிந்திருந்தேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தது இன்றுதான். காற்றில் வீணை மறைந்ததையும் நாகசுரம் நின்றதையும் அவரிடம் சொன்னேன்.

“அது கூடத்துல உக்காந்து கேக்குற வாத்தியம் தம்பி. இது தெருவுல போறது. சாமி நாலு வீதியும் சுத்தி வரும்போது கடைசி வீட்டுக்காரனுக்கும் கேக்கணும்ல” என்றார்.

நான் காற்றுக்கும் அலைவரிசைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த விஷயத்தை அவர் வீதியிலிருந்து சொல்லிவிட்டார். திறந்த வெளியில், கூட்டத்தின் நடுவே, நடந்துகொண்டே வாசிப்பதற்கென்று உருவான வாத்தியம் அது, தவிலும் அப்படியே. இரண்டின் ஒலியும் காற்றின் இரைச்சலுக்கு மேலே உள்ள அலைவரிசைகளில் வலுவாக நிற்கிறது. சாலையில் கேட்க வேண்டியது எது, விடுதி அறையில் கேட்க வேண்டியது எது என்று என் தொகுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதை அந்தத் திண்ணையிலேயே முடிவு செய்தேன். நாகசுரம், தவில், உரத்த நாட்டுப்புறப் பாடல்கள், கஞ்சிராவும் கடமும் சேர்ந்த லய விருந்துகள் ஆகியவை சாலைக்கு. வீணையும் புல்லாங்குழலும் நிதானமான விருத்தங்களும் இரவுக்கு.

கும்பகோணத்திலிருந்து காவிரிக் கரையை ஒட்டிய சாலையில் திருவையாற்றுக்குப் போனேன். தியாகராசர் ஆராதனை விழாவின் பந்தலைப் பிரித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஆற்றில் நீர் மெலிந்திருந்தது. 1847இல் மறைந்த தியாகராசரின் சமாதியையும், அங்கே கோயில் எழுப்பத் தம் சொத்தையெல்லாம் செலவிட்ட பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடத்தையும் பார்த்துவிட்டு, படித்துறையில் பிளேயரை எடுக்காமல் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். அங்கிருந்து தஞ்சாவூர் செல்லும் பதின்மூன்று கிலோமீட்டருக்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலங்கள். திருவையாற்றின் பெயர்க்காரணத்தைச் சக்கரங்களே எண்ணிச் சொல்லிவிடுகின்றன.

இரவு விடுதியில் விளக்கை அணைத்துவிட்டுக் காலையில் கரைந்துபோன வீணையை மீண்டும் கேட்டேன். கமகம் அத்தனையும் அங்கேதான் இருந்தது.

மூன்றாம் நாள்: தஞ்சாவூர் – குடுமியான்மலை – இராமேசுவரம், சுமார் 270 கி.மீ.

நீண்ட நாள், வெயிலும் கடுமை. டேங்க் பைக்குள்ளேயே கைபேசி சூடாகி மின்னேற்றத்தை நிறுத்திக்கொண்டது. பிளேயருக்கு அந்தத் தொல்லை இல்லை.

புதுக்கோட்டையிலிருந்து விலகி குடுமியான்மலைக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னே, மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் அந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்களின் கருத்து. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பிரிவுகளாக, நான்கு நான்கு சுரங்களாகக் கோத்து வெட்டப்பட்டது. உருத்திராசாரியரின் மாணவனான அரசன் ஒருவன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்ற குறிப்பும், ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’ என்ற தமிழ் வரியும் அதிலேயே உள்ளன. அரசன் மகேந்திரவர்மனா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, ஏழு பிரிவுகளும் தலைப்பிடப்பட்டு, வரிசை மாறாமல், படிப்பவர் குழம்பாத வகையில் அமைந்திருந்ததுதான். முதல் நாள் மங்களத்துக்குப் பிறகு வர்ணம் ஓடவிட்ட நான், அந்தப் பாறைக்கு முன் வெட்கத்துடன் நின்றேன். அப்பாவின் நாடாக்களில் நாற்பதாண்டுக்குள்ளேயே காந்தத் துகள் உதிரத் தொடங்கியது. என் கார்டு அவ்வளவு காலம் நிற்கும் என்று எவரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஆகவே வீட்டில் இரண்டு பிரதி போதாது, வேறு ஊரில் தங்கை வீட்டில் மூன்றாவதும் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

காரைக்குடி தாண்டிய பிறகு வலக்காதில் தவிலின் சத்தம் திடீரென்று மங்கியது. பிளேயர் பழுதோ, கம்பி அறுந்ததோ என்று அஞ்சி ஒரு புளியமரத்தடியில் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். வியர்வையில் ஒட்டு நெகிழ்ந்து, ஸ்பீக்கர் ஒரு சென்டிமீட்டர் பின்னே நழுவியிருந்தது, அவ்வளவுதான். காதுத்துளைக்கு நேராக நகர்த்தி ஒட்டியதும் தவில் திரும்பி வந்தது. புது ஸ்பீக்கர் வாங்க எண்ணுபவர்கள், இருப்பதைக் காதுக்கு நேராக வைத்திருக்கிறோமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளியது. அங்கே இசையை நிறுத்திவிட்டேன்.

நான்காம் நாள்: தனுஷ்கோடி

காலை ஆறு மணிக்கு இராமேசுவரத்திலிருந்து கிளம்பினேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களைக் கடந்து, இருபுறமும் கடல் நெருங்கிவரும் சாலையில் அரிச்சல்முனைவரை வண்டி போகிறது. இந்தச் சாலை 2017இல்தான் திறக்கப்பட்டது. வழியிலேயே கைபேசியில் சிக்னல் நின்றுவிட்டது. இணையத்தை நம்பி வந்திருந்தால் பாட்டும் நின்றிருக்கும்.

முனையில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, டேங்கின்மேல் கவிழாமல் நிமிர்த்தி வைத்து, நாடா எண் 41ஐ இயக்கினேன். இந்த இடத்துக்கென்றே நான்கு நாளாகக் கேட்காமல் வைத்திருந்தேன். அப்பா இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பிலிருந்து பதிவு செய்த நாடா அது. அலை ஏறுவதும் இறங்குவதும், நடுவே ஒரு விசில் ஒலியும், அறிவிப்பாளரின் திருத்தமான தமிழும், அதன்பின் ஒரு திரைப்பாட்டும் அதில் உண்டு. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் தலைமன்னார். அந்தத் தமிழ் இந்தக் கடலைத் தாண்டித்தான் பெரம்பூரில் எங்கள் வீட்டு மேசைமேல் இருந்த வானொலிக்கு வந்தது. ஹெல்மெட் ஒரு கிண்ணம்போல் ஒலியைத் தாங்கிக்கொண்டதால், காற்றிலும் அருகே குனிந்தால் நன்றாகவே கேட்டது. இரு பக்கங்களையும் முழுதாகக் கேட்டு முடித்தேன்.

இராமேசுவரம் திரும்பி அப்பாவை அழைத்தேன். நான் கடலைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாப்பத்தொண்ணுல சுருதி ஏறியிருக்குமேப்பா, சரி பண்ணியா?” என்று கேட்டார். பதிவு செய்த கருவியில் மின்கலம் வலுவிழந்து நாடா மெதுவாகச் சுழன்றதால், சரியான வேகத்தில் ஓட்டும்போது பாட்டு வேகமாகவும் சுருதி கூடியும் ஒலிக்கும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அதே பாட்டு, கடையில் வாங்கிய 207ஆம் நாடாவிலும் உண்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார் என்றார்.

விடுதியில் அமர்ந்து பார்த்தேன். 207இல் 200 நொடி ஓடும் பாட்டு 41இல் 194 நொடியில் முடிந்தது. மூன்று விழுக்காடு வேகத்தைக் குறைத்து, நாடாவின் இரு பக்கங்களையும் மீண்டும் எழுதினேன். அறிவிப்பாளரின் குரல் சற்றே கனத்து, அவசரம் தணிந்து, நிதானமாகப் பேசத் தொடங்கியது. புதிய கோப்புக்கு அப்பாவின் அட்டையில் உள்ளபடியே பெயரிட்டு, முன்னால் 041 என்று எண்ணும் சேர்த்துவிட்டேன். நாளை காலை மண்டபம் ஊரைத் தாண்டியதும், சாலை ஓரத்தில் நிழல் பார்த்து நிறுத்தி அதைக் கேட்க வேண்டும்.